ஆஃப் ஆன வண்டியும் பெடலக்காவின் வலது காலும்

பெடலக்கா வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரானாலும் கூட்டிக்கொண்டே போய் விட்டுவிடுவார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது ஜோடி பெடல்களுக்கு முன்னால் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர். ஸ்கூல் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் ஆபீஸ் அறையில் ஃபாரம் நிரப்புவார், போட்டோவைக் கத்தரித்து ஒட்டுவார், போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவார். வண்டிக்குள் நடப்பதெல்லாம் தங்கையின் பாடு.

அவருக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. பழகுகிறவர்கள் வண்டியை ஆஃப் ஆக்கும்போது வரும் குலுக்கலை வைத்தே, கிளட்சைப் படக்கென்று விட்டார்களா, பாதியில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்களா, செகண்ட் கியரில் கிளப்பப் பார்த்தார்களா என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்காவது கையசைத்துக்கொண்டே, "செகண்டுல இருக்குப்பா, ஃபர்ஸ்ட்டுக்கு வா" என்பார். சரியாக இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருடம் வெயில் முன்னாடியே வந்து உட்கார்ந்துகொண்டது. மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முன்னால் சிமென்ட் போட்ட பெரிய முற்றம் இருந்தது. அங்கேதான் கூம்புகளை வரிசையாக வைத்துப் பழக்குவார்கள். மதியம் மூன்று மணிக்காரர்கள் வரும்போது சிமென்ட் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். ஏசியைப் போட்டுக்கொண்டு, ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து, ரிவர்ஸ் எடுத்து, நின்று, மறுபடி ஊர்ந்து, ஒரு மணி நேரம் போகும்.

அந்த மூன்று மணிக்கு ஒரு நர்ஸ் வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். பக்கத்துச் சாலையில் இருந்த கிளினிக்கில் வேலை. காலை டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு அப்படியே வருவாள். நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து வண்டி அவள் கையில் அடிக்கடி ஆஃப் ஆகத் தொடங்கியது. கூம்புகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும், சத்தமில்லாமல் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் கிர்ர் கிர்ர் என்று சுற்றும், பிடிக்காது. கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

"ஓவரா திருகித் திருகி பெட்ரோல் அடைச்சிட்டே" என்பார் பெடலக்கா. "கால்ல பயம் இருக்கும்மா உனக்கு. பயத்த வீட்டுல விட்டுட்டு வா."

"நான் கிளட்ச்ச விடவே இல்லக்கா. சத்தியமா அமுக்கித்தான் வச்சிருந்தேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

குலுக்கல் வரவில்லையே என்று பெடலக்காவுக்கு அப்போதே லேசாக உறுத்தியது. ஆனால் பத்தொன்பது வருட அனுபவம் அந்த உறுத்தலைத் தட்டி உட்கார வைத்துவிட்டது. டெஸ்ட் அன்று, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வளைவு முடிகிற இடத்தில் வண்டி நின்றது. இன்ஸ்பெக்டர் அவளை மறுபடி ஸ்டார்ட் பண்ணக்கூட விடவில்லை. "இறங்கும்மா, அடுத்த ஆளு" என்றார். அவள் இறங்கி, கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. போன் பண்ணினால் எடுக்கவும் இல்லை. அண்ணன் அவளுடைய ஃபாரத்தை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டார்.

நர்ஸ் போனால் வண்டி சரியாகிவிடும் என்றுதான் பெடலக்கா நினைத்தார். ஆகவில்லை. அடுத்த வாரம் ஒரு வாத்தியார் கையில் நின்றது. அதற்கடுத்து, ஏற்கெனவே லாரி ஓட்டத் தெரிந்து லைசென்ஸுக்காக மட்டும் வந்த ஒரு தடியான ஆள் கையிலும் நின்றது. அந்த ஆள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரும்பிப் பெடலக்காவின் காலடியைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க பிரேக்க மிதிச்சீங்களா?"

"நானா? இல்லையே."

சொல்லிவிட்டார். ஆனால் சொன்ன பிறகுதான் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

காரணம் இருந்தது. அவருக்குச் சர்க்கரை வந்து ஏழு வருடம் ஆகிறது. பத்து நாளைக்கு முன்னால், சமையலறையில் நடந்தபோது தரையில் சிவப்புச் சிவப்பாகத் தடம் விழுந்திருப்பதைக் கணவர்தான் பார்த்தார். வலது கால் பெருவிரல் எங்கேயோ இடித்து நகம் பிளந்திருந்தது. எப்போது இடித்தது, எங்கே இடித்தது, அவருக்கே தெரியவில்லை. "நகமே பேந்துருக்கு, உனக்கு உறைக்கலையா?" என்று கணவர் கேட்டதற்கு, "வேலை மும்முரத்துல கவனிக்கல" என்று சமாளித்திருந்தார்.

நகம் பிளந்ததே தெரியாத கால், பிரேக்கின் மேல் இருந்தால் மட்டும் தெரியுமா? ஃபர்ஸ்ட் கியரில் ஊர்கிற வண்டியில் பிரேக்கை அமுக்கினால் ஆஃப் ஆகத்தான் செய்யும். அப்படியென்றால் இத்தனை நாளாக ஆஃப் ஆக்கியது யார்? வாத்தியாரா, லாரிக்காரனா, அந்த நர்ஸா? இல்லை, தானேதானா?

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? கால் உணர்வில்லாதவளை யார் அந்த சீட்டில் உட்கார வைப்பார்கள்? வீட்டுக்காரரிடம் சொன்னால் மறுநாளே வேலையை விடச் சொல்வார். எனவே யாரிடமும் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை காலை செக்கப் என்று பொய் சொல்லிவிட்டு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் பேப்பரில் கிறுக்கி உள் அறைக்கு அனுப்பினார். உள் அறையில் அந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுந்தாள். "செருப்ப கழட்டிட்டு படுங்கக்கா" என்றாள். நைலான் நரம்பு மாதிரி மெல்லிசாக ஒன்றைக் கையில் எடுத்தாள். "கண்ண மூடிக்கோங்க. நான் தொடுறப்ப எல்லாம் 'ம்' சொல்லுங்க."

பெடலக்கா கண்ணை மூடிக்கொண்டார். ம். ம். ம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. விளையாடுகிறாளோ என்று நினைத்தார். பிறகு ம்.

"வலது கால்ல ரெண்டு இடம் விட்டுட்டீங்கக்கா. பெருவிரலுக்குக் கீழ, அதுக்குப் பக்கத்துல."

"நீ தொட்டியா அங்க?"

"மூணு தடவ தொட்டேன்."

பிரேக் அமுக்குகிற அதே இடம். பெடலக்கா எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார். ஏன் டெஸ்டுக்குத் திரும்ப வரவில்லை என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. அவளே சொன்னாள். "எனக்கு வண்டியெல்லாம் சரிப்படாதுக்கா. நீங்க சொன்ன மாதிரி கால்ல பயம். விட்டுட்டேன்."

பெடலக்கா வெளியே வந்து கிளினிக் வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எந்தப் பக்கம் வீடு என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து அவர் ஒரு காரியம் செய்தார். மதிய வகுப்பில் வலது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டார். அவசரத்துக்கு ஹேண்ட் பிரேக்கின் மேல் ஒரு கை. அது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கே தெரியும். ஆனால் தெரிந்துகொள்ள வேறு வழி தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை, மூன்றே முக்கால் மணிக்கு, கால் பிரேக்கின் பக்கத்திலேயே இல்லாதபோது வண்டி ஆஃப் ஆனது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. குழப்பம் இரண்டு மடங்கானது. இன்றைக்கு நின்றதற்குத் தான் காரணமில்லை, சரி. அப்படியானால் போன வாரம் நின்றதற்கு? அதற்கு முந்தின வாரம்? ஒன்று கால், ஒன்று வண்டி, ஒன்று பழகுகிறவர் என்று மாறி மாறி வந்தால் எதை எதில் சேர்ப்பது?

வண்டியை அண்ணனின் பழக்கமான ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். அங்கே கார் எலக்ட்ரிக் வேலை பார்ப்பவனுக்கு ஸ்கேனர் என்றே பெயர். எந்த வண்டி வந்தாலும் முதலில் அந்தக் கருவியைச் சொருகிவிட்டுத்தான் பேசவே தொடங்குவான். சொருகிப் பார்த்தான்.

"எரர் கோடு எதுவும் இல்லக்கா. கம்ப்யூட்டர்ல ஒரு குறையும் பதிவாகல. வண்டி ஜம்முனு இருக்கு."

"நிக்குதேப்பா."

"டிரைவிங் ஸ்கூல் வண்டி நிக்காம என்ன பண்ணும்?" என்று சிரித்தான். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான், காற்று போகும் வழியைத் துடைத்தான், காலை பத்து மணிக்கு ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தான். மதியம் நின்றது. மறுபடி கொண்டுபோனார்கள். மறுபடி கோடு இல்லை. அண்ணன் ஆபீஸில் தங்கையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வண்டில ஒண்ணும் இல்லங்கிறான். உனக்கு ஏதும் உடம்பு சரியில்லையா? ரெண்டு மாசமா நீ நீயாவே இல்ல."

"வெயில்ணே" என்றார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

அந்த வாரம்தான் மூன்று மணிக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். சட்டை தைக்கிற ஒரு கம்பெனியில் தையல் மெஷின்களை ரிப்பேர் பார்ப்பவர். ஐம்பது வயதுக்கு மேல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். எத்தனை தடவை ரோட்டைப் பாருங்கள் என்று சொன்னாலும், அவர் கண் டேஷ்போர்டில் இருக்கும் முள்களின் மேலேயே போகும். பெடலக்காவுக்கு அது எரிச்சலாக இருந்தது.

நாலாவது நாள் அவர் கையிலும் வண்டி நின்றது. கூம்புகளைத் தாண்டி மெல்ல உருண்டுகொண்டே இருக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் போய்விட்டது. பெடலக்கா வழக்கம்போல, "கிளட்ச்சு" என்று தொடங்கினார்.

"இல்லம்மா" என்றார் அவர், அடங்கின குரலில். "அந்த ஆர்.பி.எம். முள்ளு, இன்ஜின் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு காட்டுதே, அது. வந்ததும் நான் தெரியாம கிளட்ச்ச விட்டு ஆஃப் பண்ணேன் பாருங்க, அப்ப வண்டி குலுங்குச்சு, முள்ளும் ஆடி ஆடித்தான் கீழ போச்சு. இப்ப வண்டி உருண்டுட்டே இருக்கு, கியர்லதான் இருக்கு, சக்கரம் இன்ஜினச் சுத்திட்டுத்தான இருக்கணும்? முள்ளு மட்டும் கத்தரிச்ச மாதிரி பூஜ்யத்துல விழுந்துருச்சு."

பெடலக்கா முள்ளைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த முள்ளை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கேட்பதும் உணர்வதும்தான் அவர் வேலை, பார்ப்பதல்ல.

"சாவியைத் திருப்புங்க" என்றார்.

கிர்ர் கிர்ர். இன்ஜின் சுற்றுகிறது, காதில் விழுகிறது. முள் ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"எங்க மெஷின்லயும் இப்படி வரும்மா" என்றார் தையல் மெஷின்காரர். "ஊசி மேல இருக்கா கீழ இருக்கான்னு சொல்றதுக்கு மேல் சக்கரத்துக்கிட்ட ஒரு சின்ன சாமான் இருக்கும். அது கெட்டுச்சுன்னா மெஷினுக்கு ஊசி எங்க இருக்குன்னே தெரியாது. மோட்டார் நல்லாத்தான் இருக்கும், ஆனா கண்டபடி நிக்கும். கார்லயும் அப்படி ஏதாவது இருக்குமோ என்னவோ. எனக்குக் கார் தெரியாது."

மறுநாள் பெடலக்கா மதியம் மூன்றரைக்கு, இன்ஜின் சூடாக இருக்கும்போதே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். முள் விஷயத்தைச் சொன்னதும் ஸ்கேனரின் சிரிப்பு நின்றது. தலையைச் சொறிந்தான்.

"முள்ளு விழுதா? சுத்தும்போதும் ஏறலையா? அட, இது கிராங்க் சென்சார்தான்க்கா."

"அப்பிடின்னா?"

அவன் ஒரு பழைய சக்கரத்தை இழுத்துப் போட்டுக் காட்டினான். சுற்றிலும் பல் பல்லாக இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பல் இல்லை. "இது இன்ஜினோட சேர்ந்து சுத்தும். பக்கத்துல, மயிரிழை தள்ளி, சென்சார் உக்காந்திருக்கும். உள்ள ஒரு காந்தம், அதச் சுத்தி மெல்லிசுக் கம்பி. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அந்தக் கம்பில துளி கரண்ட் எழும், அடங்கும். கம்ப்யூட்டர் அத எண்ணிட்டே இருக்கும். இந்தப் பல்லில்லாத இடம் வந்ததும், ஆங், பிஸ்டன் இங்க இருக்குன்னு புரிஞ்சுக்கும். அத வச்சுத்தான் எப்ப பெட்ரோல் விடணும், எப்ப பொறி அடிக்கணும்னு முடிவு பண்ணும். சென்சார் பேச்ச நிறுத்திட்டா ரெண்டையும் நிறுத்திடும்."

"அப்ப ஏன் கோடு வரல?"

அவன் கொஞ்சம் அசடு வழிந்தான். "பல்லு கடக்கலன்னா கம்ப்யூட்டருக்கு இன்ஜின் நின்னுட்ட மாதிரிதான தெரியும்? யாரோ ஆஃப் பண்ணிட்டாங்கன்னு நெனச்சுக்கும். நின்ன இன்ஜின்ல அது என்ன குறைய எழுதும்? எல்லா வண்டிலயும் இப்படி இல்ல. உங்க வண்டில இப்படி."

கம்ப்யூட்டரும் பழகுகிறவர் மேலேயே பழியைப் போட்டிருக்கிறது என்று பெடலக்காவுக்குத் தோன்றியது.

வண்டியைத் தூக்கி, சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் கைவிரல் நீளத்தில் இருந்த ஒன்றைக் கழற்றினான். ஆறவிட்டு, உள்ளே இருக்கும் கம்பியின் மின்தடையை அளக்கிற மீட்டரை வைத்தான். எண்ணூறு சொச்சம் ஓம் காட்டியது. "இப்ப பாருங்க, நல்லாத்தான் இருக்கு. காலைல டெஸ்ட் பண்ணா இப்படித்தான் ஏமாத்தும்." பக்கத்து சலூனிலிருந்து முடி உலர்த்துகிற மெஷினை வாங்கிவந்து சூடான காற்றை அதன்மேல் பிடித்தான். எண் மெல்ல ஏறியது. தொள்ளாயிரம். ஆயிரம். ஆயிரத்து ஐம்பது. சட்டென்று எண் மறைந்து 'ஓ.எல்.' என்று மட்டும் வந்தது, கரண்ட் போக வழியே இல்லை என்று அர்த்தம். காற்றை நிறுத்தி, ஊதி ஊதி ஆற்றினான். எண் திரும்பி வந்தது.

"உள்ள கம்பி அறுந்துருக்கு. ஆறினா ஒட்டிக்குது, சூட்டுல விரிஞ்சா விலகுது. ஏசி போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துட்டே இருந்தா அந்த இடத்துல காத்தே போகாது. ஊரச் சுத்தி ஓட்டினா நிக்காது."

அவனை இன்னொரு தடவை சூடாக்கச் சொன்னார் பெடலக்கா. இன்னொரு தடவை. சலூன்காரர் வந்து மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகும்வரை அந்த எண் மறைவதையும் திரும்புவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புது சென்சார் போட்டபிறகு மதியத்தில் வண்டி தானாக நிற்கவில்லை. பழகுகிறவர்கள் ஆஃப் ஆக்கினார்கள், குலுக்கலோடு, முள் ஆட. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, நான் சொல்லல வண்டிதான்னு?" என்றார், அப்படி அவர் சொல்லவே இல்லை என்றாலும். அன்றைக்கே பெடலக்கா காலைப் பற்றி அண்ணனிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டார். அண்ணன் பேனாவை மூடி வைத்தார். "அப்ப டாக்டர் என்ன சொல்றாரோ அதச் செய்வோம்" என்றார். டாக்டர் மருந்தை மாற்றினார். மூன்று மாதம் ரோட்டு வகுப்பு வேண்டாம், வேறு யாராவது உட்காரட்டும் என்றார். முற்றத்தில், கூம்புகளுக்கு நடுவே, கீழே நின்று கற்றுக்கொடுக்கலாம்.

நர்ஸைப் பார்க்க அவர் கிளம்ப ஒரு வாரம் ஆனது. கிளினிக்கில் மதிய சாப்பாட்டு நேரம். அவள் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். பெடலக்கா சென்சார் கதையை முழுவதும் சொன்னார், பல், காந்தம், முடி உலர்த்துகிற மெஷின், எல்லாம். அவள் சாப்பிடாமல் கேட்டாள்.

"அப்ப டெஸ்டுல நின்னது நானா, வண்டியாக்கா?"

"தெரியலம்மா."

"குலுங்குச்சா? எனக்குப் பயத்துல ஞாபகமே இல்ல."

"அன்னைக்கு உன் பக்கத்துல நான் இல்ல, இன்ஸ்பெக்டருல்ல இருந்தாரு. நான் மரத்தடில நின்னேன். தூரத்துலேர்ந்து தெரியல."

"திரும்ப ஸ்டார்ட் பண்ணிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அவருதான் விடலையே."

அவள் யோசித்தாள். "மணி பதினொண்ணரைதான். ஆனா வெயில் பயங்கரமா இருந்துச்சு. வரிசைல அரை மணி நேரம் இன்ஜின் ஓடிட்டே நின்னுச்சு. எனக்கு முட்டி ஆடிச்சு, அதுவும் உண்மை." பிறகு சிரித்தாள், சந்தோஷமில்லாமல். "அந்த முற்றத்துல நின்னதெல்லாம்?"

"பாதிக்கு மேல வண்டியா இருக்கும். கொஞ்சம் நீயா இருக்கும். கொஞ்சம் நானாவும் இருந்திருக்கலாம். எது எதுன்னு பிரிக்க முடியல. நான் உன்னத் திட்டினது மட்டும் நிச்சயம் தப்பு."

அவள் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கால்ல புண்ணு ஆறிடுச்சான்னு காட்டுங்கக்கா" என்று மட்டும் கேட்டாள். பார்த்துவிட்டு, வேறு செருப்பு வாங்கச் சொன்னாள்.

இருபது நாள் கழித்து ஒரு மதியம் அவள் முற்றத்துக்கு வந்தாள். பெடலக்காவிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். அடுத்த டெஸ்டில், ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கூம்பைத் தட்டி, அதன்மேலேயே ஏற்றி, கரகரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தோற்றாள். வண்டியை விட்டு இறங்கும்போது விழுந்து விழுந்து சிரித்தாள். "இது நான்தான்க்கா. சந்தேகமே இல்ல" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். பெடலக்காவும் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்குத்தான் இந்த இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று புரியவில்லை.

அதற்கடுத்த மாதம் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. பெடலக்காவுக்கு மருந்தில் ஓர் இடத்தில் உணர்வு திரும்பியது, இன்னொன்றில் திரும்பவில்லை. அவர் வண்டிக்குள் திரும்பப் போகவில்லை. அந்த சீட்டில் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள். பெடலக்கா முற்றத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்தபடி சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். வண்டி ஆஃப் ஆனால், ஜன்னலில் எட்டிப் பார்த்து முள் எங்கே இருந்தது என்று முதலில் கேட்கிறார். பெரும்பாலும் யாரும் பார்த்திருப்பதில்லை.